சர்வதேச சங்க மாநாட்டைச் சென்னைக்குக் கேட்கிறோம்: பிட்டில் என்ன எழுதுவது, எதை விடுவது?

வேர்முடிச்சு எழுதியது:

வணக்கம். நான் மண் நுண்ணுயிரியல் பேராசிரியர். எங்கள் துறையின் சர்வதேச சங்கம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு நடத்துகிறது. 2029 மாநாட்டை எந்த நாட்டுக் கிளை ஏற்று நடத்தும் என்று இப்போது விண்ணப்பம் (அதைத்தான் பிட் என்கிறார்கள்) கேட்டிருக்கிறார்கள். சென்னைக்குக் கேட்பது என்று எங்கள் செயற்குழு தீர்மானம் போட்டுவிட்டது. எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஐந்து நாள் மாநாடு, 800 முதல் 900 பேர் வரலாம்.

சங்கம் அனுப்பிய கேள்விப் பட்டியலே நாற்பது பக்கம். எங்கள் ஆட்கள் ஏற்கெனவே ஒரு வரைவு வைத்திருக்கிறார்கள். அதில் மாமல்லபுரம், கபாலீஸ்வரர் கோயில், காஞ்சிப் பட்டு, ஃபில்டர் காபி எல்லாம் வண்ணப் படத்தோடு இருக்கின்றன. பட்ஜெட் ஒரே ஒரு பக்கம். விசா பற்றி "முழு ஒத்துழைப்பு அளிக்கப்படும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

இது போதாது என்று எனக்குப் படுகிறது. தலைவரோ "படம்தான் சார் பேசும்" என்கிறார். பிட் தயாரித்தவர்கள், வந்த பிட்டுகளைப் படித்து மார்க் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தஞ்சோங்_பகார் எழுதியது:

சிங்கப்பூரில் மாநாட்டு ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். போட்டியாளன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், சொந்த ஊர் பட்டுக்கோட்டை.

முதல் வேலை, அந்த நாற்பது பக்கத்தை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் எண் போடுங்கள். உங்கள் பதிலும் அதே எண், அதே வரிசையில் இருக்கட்டும். அவர்கள் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். ஐந்து ஊர்களின் விண்ணப்பங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 4.3க்கு எதிரே 4.3 என்று ஒப்பிடுவார்கள். உங்களுடைய 4.3 கோயில் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் பூஜ்யம் போட்டுவிட்டுப் போவார்கள். தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, முடிவெடுப்பது யார் என்று சங்கத்தின் சட்டவிதிகளை எடுத்துப் பாருங்கள். நாட்டுக்கு ஒரு ஓட்டா, பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாகக் குழுவா, மாநாட்டுக்கு வந்திருக்கும் உறுப்பினர் எல்லோருமா? மூன்றுக்கும் வேறு வேறு பிரச்சாரம். கணித உலகத்தில் செயற்குழு பரிந்துரைத்த ஊரைப் பொதுச்சபை ஓட்டுப் போட்டு ஏற்கும். 2010 ஹைதராபாத் மாநாடு அப்படித்தான் 2006இல் ஸ்பெயினில் கூடிய பொதுச்சபையில் முடிவானது. நான்கு வருட முன்னேற்பாடு. பல சங்கங்களில் இதைவிடவும் அதிகம்.

மூன்றாவது, சுழற்சி. கடந்த நான்கைந்து மாநாடுகள் எந்தக் கண்டத்தில் நடந்தன? ஆசியா வந்து நாளாகியிருந்தால் அதுவே உங்கள் பெரிய வாதம். வானியலாளர்களின் சர்வதேச ஒன்றியப் பொதுச்சபை 2024இல் கேப் டவுனில் நடந்தது, ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் முறை. "இங்கே இதுவரை வந்ததில்லை" என்பதற்குச் சங்கங்களிடம் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை மட்டும் போதாது, அது வேறு கதை.

படங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கம் வையுங்கள். உலக மாநாடுகளைக் கணக்கெடுக்கும் ஐக்கா (ICCA) அமைப்பு தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் மாநாடு எது தெரியுமா? தொடர்ந்து நடக்க வேண்டும், குறைந்தது மூன்று நாடுகளுக்குள் சுற்ற வேண்டும், 50 பேராவது வர வேண்டும். அப்படி ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் அழகான படங்களைப் பார்த்தாயிற்று. தங்கள் சங்கத்தின் பணமும் பெயரும் உங்கள் கையில் பத்திரமாக இருக்குமா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும் கேள்வி.

வெட்டிப்பேச்சு எழுதியது:

இதெல்லாம் எதற்கு சார்? ஹோட்டல்காரனுக்கும் டாக்ஸிக்காரனுக்கும் லாபம். நீங்கள் இரண்டு வருடம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு பேட்ஜ் அச்சடித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்டெத்தும்_சங்கமும் எழுதியது:

வெட்டிப்பேச்சு சொல்வதில் பாதி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு மாநாட்டுக்கு டிக்கெட்டும் கட்டணமும் சேர்த்து ஒரு முதுநிலை மாணவியால் கட்டவே முடியாது. அதே மாநாடு நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு வந்தால் எழும்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து கேட்பாள். எங்கள் மருத்துவச் சங்கத்தில் நான் பிட் போட்ட பக்கத்திலும் இருந்திருக்கிறேன், தேர்வுக் குழுவில் உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். படித்த அனுபவத்தைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

ஒரு ஊரிலிருந்து வந்த விண்ணப்பத்தில் பதினேழாவது பக்கத்தில் எங்கள் சங்கத்தின் பெயருக்குப் பதிலாக வேறொரு சங்கத்தின் பெயர் இருந்தது. பழைய பிட்டை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்தக் காகிதத்தை யாரும் நம்பவில்லை, பட்ஜெட் உட்பட.

நான் முதலில் புரட்டுவது பின்னிணைப்பைத்தான். அரங்கம் அந்தத் தேதிக்குப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று கடிதம் இருக்கிறதா? ஹோட்டல்கள் எத்தனை அறை, என்ன விலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கின்றனவா? உள்ளூர்க் குழுவில் யார் யார்? ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே துறையைச் சேர்ந்த ஆறு பேர் என்றால் யோசிப்பேன். ஒருவர் ஓய்வு பெற்றாலோ இரண்டு பேருக்குள் பேச்சு நின்றாலோ மாநாடு படுத்துவிடும்.

அப்புறம் கட்டணம். ஏழை நாட்டுக்காரர்களுக்கு எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். உலக வங்கியின் வருமானப் பிரிவுகளை வைத்து மூன்று நான்கு படியாகக் கட்டணம் வைப்பது பல சங்கங்களில் வழக்கம். இந்தியாவே கீழ் நடுத்தரப் பிரிவில்தான் வருகிறது. உங்கள் வருகையாளர்களில் பாதிப் பேர் உள்ளூர் என்றால் சராசரிக் கட்டணம் சரசரவென்று இறங்கும். ஐரோப்பிய மாநாட்டின் கட்டணத்தை 900ஆல் பெருக்கி வரவு எழுதினால் அது வெறும் கனவு.

பற்று_வரவு எழுதியது:

டாக்டரம்மா பட்ஜெட் வாசலைத் திறந்துவிட்டார்கள், ஆடிட்டர் உள்ளே வருகிறேன்.

கணக்குப் புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு (அரங்கம், ஒலி ஒளி, இணையதளம், அழைப்புப் பேச்சாளர்கள்) 1.6 கோடி. ஒரு ஆளுக்கு ஆகும் செலவு (சாப்பாடு, பை, விருந்து) 14,000. சராசரிக் கட்டணம் 38,000. ஒரு ஆள் வந்தால் கையில் நிற்பது 24,000. ஆக 667 பேர் வந்தால் கை கடிக்காது. 900 பேர் எதிர்பார்க்கிறீர்கள், பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது அந்த 38,000 ஜிஎஸ்டி உட்பட என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் போனால் உங்களுக்கு வருவது சுமார் 32,200. ஆளுக்கு நிற்பது 18,200. இப்போது 879 பேர் வந்தால்தான் சமன். ஒரே ஒரு வரியை விட்டதில் 212 பேர் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள். செலவுப் பக்கத்தில் கட்டிய ஜிஎஸ்டியில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நிலைமை இவ்வளவு மோசமாகாது. அதற்கும் சங்கத்துக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்க வேண்டும். "வெளிநாட்டுக்காரர் டாலரில் கட்டுகிறார், ஏற்றுமதிதானே, வரி இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். நிகழ்ச்சி நடக்கும் இடம்தான் கணக்கு. சென்னையில் நடந்தால் அவருக்கும் வரி உண்டு.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். மாநாட்டில் கலந்துகொள்ள வெளிநாட்டவர் கட்டும் கட்டணம், அது மாநாட்டுச் செலவுக்கே போனால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. உள்துறை அமைச்சகத்தின் விளக்கத்திலேயே இது இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று "இளம் ஆய்வாளர் பயண உதவிக்கு" என்று பணம் அனுப்பினால் அது நன்கொடை. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கினால் சிக்கல். பிட்டில் அந்த வருமானத்தை எழுதுவதற்கு முன் யார் கணக்கில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். பயண உதவியைச் சர்வதேசச் சங்கமே தன் கணக்கிலிருந்து நேரடியாக மாணவருக்குக் கொடுத்துவிடட்டும் என்று எழுதுவது சுலபமான வழி.

இன்னொன்று. பல சங்கங்கள் லாபத்தில் பங்கோ ஆளுக்கு இவ்வளவு என்றோ கேட்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வரிப் பிடித்தம், பட்டயக் கணக்காளர் சான்று எல்லாம் வரும். உங்கள் கிளை பொதுநல அறக்கட்டளையாகப் பதிவாகி, கல்வி என்ற தலைப்பில் இல்லாமல் பொதுப் பயன் என்ற தலைப்பில் இருந்தால், வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாநாட்டு ஆண்டில் தாண்டிவிடும். இதை இப்போதே உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். 2029இல் கேட்டால் அவர் தலையில் கை வைப்பார்.

வேர்முடிச்சு எழுதியது:

பற்று_வரவு சார், எங்கள் பட்ஜெட்டில் ஜிஎஸ்டி என்ற எழுத்தே இல்லை. நன்றி.

தேதி பற்றியும் கேட்க வேண்டும். குழு டிசம்பர் முதல் வாரம் என்கிறது. குளிர்காலம், வெளிநாட்டவருக்கு இதமாக இருக்கும், சங்கீத சீசன் வேறு என்கிறார்கள்.

கிண்டி_வாசி எழுதியது:

டிசம்பர் முதல் வாரமா? 2015 டிசம்பர் 1 இரவு வெள்ளத்தால் மூடிய விமான நிலையம் 6ஆம் தேதிதான் திறந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் வந்ததும் டிசம்பர் 4. அப்போதும் ஓடுபாதையில் தண்ணீர். போட்டி ஊர்க்காரன் கூகுளில் ஒரு நிமிடம் தேடினால் போதும், உங்கள் விளக்கக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைத்தான் ஆள் வைத்துக் கேட்கச் சொல்வான்.

நந்தம்பாக்கம் டிரேட் சென்டர் விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருப்பது நல்ல விஷயம். ஆனால் 900 பேருக்கான அறைகள் ஒரே இடத்தில் கிடைக்காது. கிண்டி, ஆலந்தூர், அண்ணா சாலை என்று சிதறும். தினமும் காலை எட்டு மணிக்கு கத்திப்பாரா வழியாகப் பேருந்துகள் ஓட்ட வேண்டும். அந்தச் செலவு பட்ஜெட்டில் இருக்கிறதா?

தஞ்சோங்_பகார் எழுதியது:

அறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 400 அறை பிடித்துவைத்து 250 தான் நிரம்பினால் மீதிக்கு யார் கட்டுவது என்று ஹோட்டல் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கும். எந்தத் தேதிக்குள் எத்தனை அறையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இப்போதே பேசுங்கள். பிட் கட்டத்தில் ஹோட்டல்காரர்கள் நன்றாக இளகுவார்கள். ஜெயித்த மறுநாளிலிருந்து இளக மாட்டார்கள்.

சார்மினார்_பக்கம் எழுதியது:

நான் இருபது வருடமாக ஹைதராபாத்வாசி. கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தியாவுக்குத்தானே மாநாடு வேண்டும், சென்னைதான் வேண்டுமா? ஹைடெக் சிட்டி பக்கம் ஹெச்ஐசிசி மாநாட்டு மையம் 2006இலேயே வந்துவிட்டது, ஹோட்டல் ஒட்டியே இருக்கிறது. மேலே சொன்ன கணித மாநாடு அங்கேதான் நடந்தது. டெல்லியில் பாரத் மண்டபமும் யஷோபூமியும் 2023இல் திறந்தாயிற்று. மும்பையில் ஜியோ அரங்கம் இருக்கிறது. மாநாட்டுக்கென்று ஆள் போட்டு ஊரை விற்கும் அமைப்பும் ஹைதராபாத்தில் உண்டு.

கிண்டி_வாசி எழுதியது:

அந்தக் கணித மாநாட்டின்போது உங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லுங்களேன். எங்கள் செஸ் ஆனந்துக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கப் போய், அவர் இந்தியக் குடிமகன்தானா என்று டெல்லியில் கோப்பை நிறுத்திவைத்தார்கள். அமைச்சர் மன்னிப்புக் கேட்டும் மனிதர் பட்டத்தை வேண்டாம் என்றுவிட்டார்.

சார்மினார்_பக்கம் எழுதியது:

அது டெல்லி செய்த கூத்து, ஹைதராபாத் மேல் போடாதீர்கள். பட்டத்தை விட்டாலும் மாநாட்டுக்கு வந்து நாற்பது கணிதக்காரர்களோடு ஒரே நேரத்தில் சதுரங்கம் ஆடிவிட்டுத்தானே போனார்!

வேர்முடிச்சு எழுதியது:

சென்னை ஏன் என்றால், எங்கள் துறை ஆட்கள் இங்கேயும் கோவையிலும்தான் அதிகம். வயல் பார்வையிடும் நாள் ஒன்று உண்டு, காவிரி டெல்டா மண்ணைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. தவிர, தலைவருக்கு ஒரு அமைச்சரைத் தெரியும். செஸ் ஒலிம்பியாடையே நான்கு மாதத்தில் நடத்திய அரசு, நமக்குச் செய்யாதா என்கிறார்.

கோப்பு_எண் எழுதியது:

தலைமைச் செயலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். 2022 செஸ் ஒலிம்பியாட் வேறு விஷயம். ரஷ்யாவிடமிருந்து போட்டியைப் பிடுங்கி இடம் தேடிக்கொண்டிருந்தபோது, மாநில அரசே முன்வந்து சுமார் 92 கோடி ஒதுக்கியது. ஜூலை 28 தொடக்கம் என்று நாள் குறித்தபின் எல்லாத் துறையும் ஓடியது. 900 பேர் வரும் மண் நுண்ணுயிரியலுக்கு அந்த ஓட்டம் கிடைக்காது. கிடைப்பது ஒரு கடிதம். அது நல்ல கடிதமாக இருக்கட்டும். "வரவேற்கிறோம், பெருமைப்படுகிறோம்" என்ற கடிதத்தை எந்த அரசும் கொடுக்கும். என்ன செய்கிறோம், எந்தத் துறை, எந்த அதிகாரி தொடர்பு, பணமாக எவ்வளவு அல்லது வசதியாக என்ன என்று இருந்தால்தான் அது ஆவணம். அமைச்சர் மாறுவார். துறைச் செயலாளர் பதவியின் பெயரில் வாங்குங்கள்.

விசாவுக்கு வருவோம். "முழு ஒத்துழைப்பு" என்ற அந்த வரியை இன்றே அடியுங்கள். வெளிநாட்டவர் மாநாட்டு விசாவில்தான் வர வேண்டும், சுற்றுலா விசாவில் வந்து கட்டுரை படிக்கக் கூடாது. அந்த விசாவுக்கு உங்கள் அழைப்பிதழோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் வேண்டும். நடத்துகிறவர்தான் இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். பாகிஸ்தான் போன்ற சில நாட்டவருக்குத் தனியாகப் பாதுகாப்பு ஒப்புதல், அதற்கு நாள் பிடிக்கும். உங்கள் சங்கத்தில் எந்தெந்த நாட்டு உறுப்பினர்கள் என்று எடுத்துவைத்து, எந்த மாதம் எதற்கு விண்ணப்பிப்போம் என்று ஒரு கால அட்டவணை போடுங்கள். இந்தியாவிலிருந்து போகும் பல பிட்டுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. அட்டவணை இருந்தாலே தேர்வுக் குழுவுக்குப் பாதி பயம் போய்விடும்.

தேதி பற்றி நானும் சொல்கிறேன். 2029 ஏப்ரல், மே மக்களவைத் தேர்தல். 2024இல் நடத்தை விதி மார்ச் 16 வந்தது, 2019இல் மார்ச் 10. வந்துவிட்டால் அமைச்சர் தொடக்க விழாவுக்கு வர முடியாது, காவல்துறைக்கும் வேறு வேலை.

பற்று_வரவு எழுதியது:

அப்போ ஜனவரி கடைசி?

கோப்பு_எண் எழுதியது:

காலண்டரைப் பார்த்துவிட்டேன். பொங்கல் முடிந்த கையோடு ஜனவரி நடுவில் ரம்ஜான் நோன்பு தொடங்கி பிப்ரவரி நடுவில்தான் முடியும். மலேசியா, இந்தோனேசியா, எகிப்து ஆட்கள் தயங்குவார்கள். பிப்ரவரி 13 சீனப் புத்தாண்டு, கொரியா வியட்நாமுக்கும் அதுவே. ஆக பிப்ரவரி 19 திங்கள் முதல் 23 வெள்ளி வரை. வெயிலும் தொடங்கியிருக்காது, அறுவடை முடிந்த வயலும் இருக்கும், தேர்தல் விதியும் வந்திருக்காது. மாற்றாக அடுத்த வாரத்தையும் கொடுங்கள். ஏன் அந்தத் தேதி என்று நான்கே வரியில் பிட்டில் எழுதுங்கள்.

ஸ்டெத்தும்_சங்கமும் எழுதியது:

அந்த நான்கு வரி நாற்பது படத்துக்குச் சமம் ஐயா. நான் தேர்வுக் குழுவில் இருந்தால் அங்கேயே பென்சிலால் கோடு போடுவேன்.

யாழ்_முற்றம் எழுதியது:

ஒருக்கால் வேறு பக்கத்தாலும் பாருங்கோ. இடம் தேர்வு எண்டால் அரசியலும் சேர்ந்துதான் வரும். எங்கட ஊரில் 1974 ஜனவரியில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முதல் சண்டையே இடத்துக்குத்தான். அரசாங்கம் கொழும்பு எண்டது, இலங்கைக் கிளைக்குள்ளேயே பிளவு வந்து யாழ்ப்பாணம் எண்டு முடிவானது. வெளிநாட்டு அறிஞர்கள் பலருக்கு விசா இல்லை. ஜனவரி 10 கூட்டத்தில் பொலிஸ் புகுந்து உயிர்கள் போனது உங்களுக்குத் தெரியும்.

இப்பவும் அரசியல் வேறு வேறு உருவில் வருது. நான் நூலகத் துறை. எங்கட சர்வதேசக் கூட்டமைப்பு 2024 மாநாட்டுக்கு துபாய் எண்டு அறிவித்தபிறகு, அங்கத்தைய சட்டங்களைக் காரணம் காட்டி உறுப்பினர்களிடையே பெரிய எதிர்ப்பு. கடைசியில் அந்த வருடம் மாநாடே நடக்கேல்லை. கணிதக்காரருக்கு 2022இல் சென் பீட்டர்ஸ்பர்க். உக்ரைன் போர் தொடங்கினதும் இணையவழிக்கு மாற்றினார்கள். உங்கட நாட்டைப் பற்றி என்ன கேள்வி வரும் எண்டு முதலே நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கோ. பெண்கள் பாதுகாப்பு, காற்றின் தரம், வெப்பம், எந்த நாட்டவரை விடுவீர்கள், எல்லாம் கேட்பினம்.

பாறைப்படிமம் எழுதியது:

ஜெயித்தபின் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறைக் கதை ஒன்று. சர்வதேசப் புவியியல் மாநாட்டின் 36ஆவது அமர்வை இந்தியா 2012இல் பிரிஸ்பேனில் வென்றது. இலங்கை, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் கூட்டாளிகள். எட்டு வருடத் தயாரிப்பு. மாநாட்டு நாள் 2020 மார்ச் 2. அதற்குச் சில நாள் முன்னால் கொரோனாவால் தள்ளிவைத்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள், கடைசியில் 2022 மார்ச்சில் மூன்று நாள் இணையவழியில் முடிந்தது. கள ஆய்வுப் பயணங்களுக்காகவே வருகிற மாநாடு அது. திரையில் பாறையைத் தட்டிப் பார்க்க முடியுமா?

ஆகவே ரத்து என்றால் யார் எவ்வளவு இழப்பது என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். அரங்கத்துக்குக் கட்டிய முன்பணம், சங்கம் கொடுத்த கடன், திருப்பித் தர வேண்டிய கட்டணம். ரத்துக் காப்பீடு எடுக்கலாம், ஆனால் எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பட்டியலையும் படித்துவிட்டு எடுங்கள்.

வேர்முடிச்சு எழுதியது:

இதையெல்லாம் செயற்குழுவில் வைத்தேன். இரண்டு மணி நேரம் சண்டை. தலைவர் படங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்தார். ஜிஎஸ்டி கணக்கைக் காட்டியதும் பொருளாளர் என் பக்கம் வந்துவிட்டார். இப்போது நிலைமை இது: படம் இரண்டு பக்கம். தேதி பிப்ரவரி 19. பட்ஜெட் மூன்று மாதிரி, 550, 700, 900 பேருக்கு. 550க்கும் நஷ்டம் வராமல் இருக்க ஒரு விருந்தைத் தூக்கிவிட்டோம், அரங்குகளைக் குறைத்தோம். உள்ளூர்க் குழுவில் கோவை, பெங்களூரு, கண்டி ஆட்கள். விசா அட்டவணை தயார்.

ஒரு சந்தேகம், மாநாட்டு ஏற்பாட்டு நிறுவனத்தை இப்போதே பிடிக்க வேண்டுமா? ஒருவர் "பிட்டை இலவசமாக எழுதித் தருகிறோம், ஜெயித்தால் எங்களுக்கே வேலை" என்கிறார்.

தஞ்சோங்_பகார் எழுதியது:

என் பிழைப்பையே கேட்கிறீர்கள்! அந்த ஏற்பாடு உலகம் முழுக்க உண்டு, தப்பில்லை. ஆனால் கமிஷன் எங்கிருந்து எடுப்பார் (அறை, கட்டணம், ஸ்பான்சர்) என்று எழுத்தில் வாங்குங்கள், பிட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சில சங்கங்கள் தாங்களே நிரந்தரமாக ஒரு நிறுவனத்தை வைத்திருக்கும், அப்படியென்றால் உங்களுக்கு உள்ளூர் ஆள் மட்டும் போதும். கேள்விப் பட்டியலில் இருக்கும், பாருங்கள். டெல்லியில் இந்திய மாநாட்டு ஊக்குவிப்பு அமைப்பு 1988 முதல் இருக்கிறது, அவர்களிடமும் மாநிலச் சுற்றுலாத் துறையிடமும் ஆதரவுக் கடிதம் கேளுங்கள். சிங்கப்பூரில் 1974இலிருந்து இதற்கென்றே அரசு அலுவலகம். சரவாக்கில் 2006இல் தொடங்கி கூச்சிங் மாதிரி சின்ன ஊருக்கே மாநாடுகளைக் கொண்டுவருகிறார்கள். எங்களோடு பணத்தில் போட்டி போடாதீர்கள், தோற்பீர்கள். வயலில் போட்டி போடுங்கள். டெல்டா எங்களிடம் இல்லை.

வெட்டிப்பேச்சு எழுதியது:

சரி, நானும் பேட்ஜ் அச்சடிக்க வருகிறேன். தோற்றால் என்ன செய்வீர்கள்?

ஸ்டெத்தும்_சங்கமும் எழுதியது:

மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குவார்கள். நாங்கள் தோற்றபோது வாங்கினோம். அரங்கம், பணம் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் முந்தைய மாநாட்டில் எங்கள் ஆட்கள் ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை, எங்களை யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுப் போடுகிறவர் முகம் தெரிந்தவருக்குத்தான் போடுவார். சங்கத்தின் துணைக்குழுக்களில் உங்கள் ஆட்களை இப்போதே சேர்த்துவிடுங்கள், கூட்டக் குறிப்பு எழுதும் வேலையாக இருந்தாலும் பரவாயில்லை.

வேர்முடிச்சு எழுதியது:

கடைசியாக ஒன்று. நேரடி விளக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள். யார் பேசுவது?

யாழ்_முற்றம் எழுதியது:

இரண்டு பேர். ஒருவர் மூத்தவர், மற்றவர் முனைவர் பட்டம் முடித்த இளையவர். ஒன்பது நிமிசத்தில் முடித்துவிட்டு மிச்சத்தைக் கேள்விக்கு விடுங்கோ. விசா, மழை, பணம், மூன்றுக்கும் பதிலை வாய்ப்பாடமாக்குங்கோ.

கிண்டி_வாசி எழுதியது:

டிரேட் சென்டர் கடிதத்தில் "தற்காலிகமாக" என்று மட்டும் போட்டிருந்தால் ஏற்காதீர்கள். எந்தத் தேதி வரை பிடித்துவைப்பார்கள், அதற்குள் எவ்வளவு முன்பணம் என்று எழுதி வாங்குங்கள். சங்கத்தின் முடிவு அறிவிக்கும் நாளுக்கு அப்புறம் ஒரு மாதமாவது அந்தக் கெடு இருக்க வேண்டும்.

வேர்முடிச்சு எழுதியது:

எடுத்துப் பார்த்தேன். கெடு, முடிவு வருவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே முடிகிறது. திங்கட்கிழமை நேரில் போகிறேன்.